பகல் அம்மா

தீப்தி பேசிய முதல் முழு வாக்கியம் அவளுடைய அம்மாவைத் திருப்பி அனுப்புகிற வாக்கியமாக இருந்தது.

மாலை ஐந்து மணி. ஜெர்மனியின் வீஸ்லோஹ் ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் யோகத்தின் வீட்டு வாசலில் நிருபமா நின்றிருந்தாள். பக்கத்து ஊரான வால்டோர்ஃபில், மென்பொருள் அலுவலகத்தில், கடைசிக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. உள்ளே தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தீப்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நான் வரமாட்டன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள்.

யோகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேட்டனீங்களோ? முழுசாக் கதைச்சிட்டா!"

நிருபமாவும் சிரித்தாள். தீப்திக்கு இரண்டேகால் வயது ஆகியிருந்தது. அதுவரை பால், பந்து, வேண்டாம் என்று ஒற்றைச் சொற்கள்தான். குழந்தை மருத்துவர் பொறுத்திருக்கச் சொல்லியிருந்தார். நிருபமா பொறுத்திருந்தாள், வண்டியில் போகும்போதும், குளிப்பாட்டும்போதும், அந்த முதல் வாக்கியம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி பொறுத்திருந்தாள். அவள் யோசித்து வைத்திருந்த எல்லா வாக்கியங்களும் திருச்சித் தமிழில் இருந்தன.

வீடு திரும்பும் வழியில், சைக்கிளின் பின்னிருக்கையில் தீப்தி தூங்கிவிட்ட பிறகு, நிருபமா அந்த வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வரமாட்டன். போட்டு வாங்கோ. குரல் தன் மகளுடையது. மற்றதெல்லாம் யோகத்தினுடையது.

யோகம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பகலில் வீட்டிலேயே இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முறையாகப் படித்து, அனுமதி வாங்கிச் செய்கிற வேலை. ஜெர்மனில் அதற்கு டாகஸ்முட்டர் என்று பெயர். பகல் அம்மா என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் நிருபமாவின் கணவன் பிரதாப் அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நீ ராத்திரி அம்மாவா?" அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பு வந்தது. எந்தக் காப்பகத்திலும் இடம் கிடைக்காமல், நகராட்சி தந்த பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டுபிடித்தவளே அவள்தான். குழந்தை நாள் முழுக்கத் தமிழ் கேட்கும் என்று அக்காவிடம் போன் போட்டுச் சொல்லி மகிழ்ந்தவளும் அவள்தான்.

முதல் வாக்கியத்துக்குப் பிறகு அணை உடைந்தது. ஒரே மாதத்தில் தீப்தி கொட்டினாள். சோறு வேண்டுமா என்றால் "ஓம்". சட்டையை மாட்டு என்றால் "ஏலாது". காலையில் கட்டிலிலிருந்து "அம்மா, கெதியா வாங்கோ!" என்று அவசரப்படுத்திக் கூப்பிட்டாள். யோகம் குழந்தைகளிடம் மரியாதை வைத்துப் பேசுவாள். அதனால் தீப்தியும் எல்லாரிடமும் அப்படியே பேசினாள். பெற்ற அம்மாவை வாங்கோ, இருங்கோ என்று அவள் அழைக்கும்போது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பது போல நிருபமாவுக்குக் கேட்டது.

பிரதாப்புக்கு அது விளையாட்டாக இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஃப்ராங்க்ஃபுர்ட்டில் தங்கி வேலை பார்ப்பவன், திரும்பி வந்ததும் "என்னங்கோ, சுகமோ?" என்று மகளைக் கொஞ்சுவான். வீடியோ அழைப்பில் நிருபமாவின் அக்கா நிறுத்தாமல் சிரித்தாள். "ஏய், உன் பொண்ணு என்னடி சிலோன் ரேடியோ மாதிரி பேசறா! யார் வளர்க்கிறா அவளை?"

கேட்டவள் மறந்துபோயிருப்பாள். நிருபமா மறக்கவில்லை.

திருத்த ஆரம்பித்தாள். "ஓம் இல்ல கண்ணு, ஆமா. சொல்லு, ஆமா." "நோகுது இல்ல, வலிக்குது." "கதைக்கிறது இல்ல, பேசறது." முதலில் தீப்தி அதை விளையாட்டு என்று நினைத்தாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே பழைய சொல்லுக்குப் போனாள். நிருபமா மறுபடி நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையில் தீப்தி ஒரு கதை சொல்லத் தொடங்கினால் மூன்றாவது சொல்லில் நிறுத்தினாள். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று குழந்தைக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜூன் மாதம் வந்தபோது, வாயைத் திறப்பதற்கு முன் தீப்தி அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பார்த்துவிட்டு, சில சமயம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவாள்.

"எதுக்கு அவளை சும்மா நோண்டற?" என்று பிரதாப் ஒருநாள் கேட்டான். "ரெண்டும் தமிழ்தானே?"

"உனக்குத் தெரியாது" என்றாள். உண்மையில் அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஜூலையில் யோகம் தன் குழந்தைகளின் பெற்றோரை எல்லாம் பூங்காவுக்கு அழைத்தாள். வருடா வருடம் செய்வது. யோகத்தின் கணவர் தம்பித்துரை ஒரு பெரிய சட்டி நிறையக் கொத்துரொட்டி கொண்டுவந்து எல்லாருக்கும் பரிமாறினார். யோகத்திடம் வளரும் இன்னொரு குழந்தையான மதீசன், ஒன்றரை வயது, புல்லில் உட்கார்ந்து ஒரு வெள்ளரித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

சறுக்குமரத்தில் ஏறிய தீப்தி பாதியில் கால் தவறி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். நிருபமா எழுந்து இரண்டு கையையும் நீட்டியபடி ஓடினாள். யோகம் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள், அவ்வளவுதான். தீப்தி அழுதபடி நேராக ஓடி வந்தாள். நிருபமாவின் நீட்டிய கைகளுக்குப் பக்கத்தில் வந்து, அவற்றைத் தாண்டிப் போனாள்.

"யோகம்மா! நோகுது!"

யோகம் மாமி என்றுதான் யோகம் சொல்லிக் கொடுத்திருந்தாள். குழந்தையின் நாக்கு அதைச் சுருக்கி அப்படி ஆக்கியிருந்தது.

யோகம் குனிந்து உதட்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மாட்டப் போங்கோ, செல்லம். அம்மா பாப்பா."

தீப்தி வந்தாள். முகவரி எழுதி அனுப்பிய பார்சல் மாதிரி வந்தாள். நிருபமா அவளைத் தூக்கி ரத்தத்தைத் துடைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். மற்றப் பெற்றோர்கள் இவளைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்தார்கள். யோகம் குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதாவது பறித்துவிட்டாள் என்று சொல்லலாம். யோகமோ கொடுத்தாள். கொடுப்பதற்கு அவளிடம் இருந்தது.

உதட்டைக் கழுவ எல்லாரும் யோகத்தின் வீட்டுக்குப் போனார்கள். யோகம் ஃப்ரிட்ஜில் ஐஸ் தேடிக்கொண்டிருக்க, நிருபமா விளையாட்டு அறையில் தனியாக நின்றாள். அலமாரியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பு இருந்தது. மஞ்சள் நிறக் கோப்பில் தீப்தியின் பெயர். படங்கள், சாயத்தில் பதித்த கையச்சுகள், யோகத்தின் உருண்டைக் கையெழுத்தில் குறிப்புகள். அவள் சும்மாதான் புரட்டினாள்.

'மார்ச் 12, செவ்வாய். பத்தேகால் மணி. சோபாவிலிருந்து யன்னல் வரைக்கும் நாலு அடி. ஒண்டையும் பிடிக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.'

நிருபமா அதை மூன்று முறை படித்தாள். போன வருடத்து மார்ச். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது: தீப்தி முதல் அடி வைத்தது பதினாறாம் தேதி, சனிக்கிழமை. தங்கள் வீட்டுக் கூடத்தில். பிரதாப் படம் பிடித்தான். திருச்சியில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை வாசலில் நின்று அவள் யோகத்திடம் சொன்னபோது யோகம் நெஞ்சில் கை வைத்து, "உண்மையாவோ! ஐயோ, என்ர செல்லம்!" என்றாள். கண்ணில் நீர் வந்தது அவளுக்கு.

நடிப்பு.

நான்கு நாள் முன்பே அவள் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று மிச்சத்தை இவர்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். நிருபமா கோப்பை இருந்த இடத்தில் வைத்தாள். ஐஸ் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்க்கா, வரோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தாள். தீப்தி கூடத்தில் நடந்தாள். பழக்கப்பட்டவள் மாதிரிதான் நடந்தாள்.

மூன்று வயதுவரை யோகத்திடம் என்பது ஒப்பந்தம். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நிருபமா தினமும் காலையில் ஒரு கிண்டர்கார்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு குடும்பம் ஊர் மாறிப்போக, செப்டம்பரில் ஓரிடம் கிடைத்தது. யோகத்திடம் போய், "ஜெர்மன் கத்துக்கணும் இல்லையா அக்கா, அதான்" என்றாள்.

"ஓம், ஜெர்மன் வேணும்தான்" என்றாள் யோகம். "கடைசி நாள் எப்பவெண்டு சொல்லுங்கோ. சின்னதா ஒரு கேக் செய்வம்."

வெள்ளிக்கிழமை என்று சொன்னாள் நிருபமா. வியாழக்கிழமை மூன்று மணிக்கே போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜலதோஷம் என்று செய்தி அனுப்பினாள். அடுத்த திங்கள் தம்பித்துரை வந்து மாற்றுத் துணிகளையும் மஞ்சள் கோப்பையும் ஒரு பையில் போட்டு அஞ்சல்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அழைப்புமணி அடிக்கவில்லை.

அதே வாரம் நகராட்சியின் குழந்தைகள் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒப்பந்தம் முன்கூட்டி முடிவதற்கான காரணம் என்ன என்று கேட்டது. இடமாற்றம், வேலைநேரம், வேறு காப்பகம் என்று சிறு கட்டங்கள். வேறு காப்பகம் என்பதில் ஒரு கோடு போட்டால் முடிந்திருக்கும். நிருபமா கடைசிக் கட்டத்தில் கோடு போட்டாள்: பராமரிப்பாளரின் நடத்தை குறித்த கவலை. கீழே நல்ல ஜெர்மனில் இரண்டு வரி எழுதினாள். குழந்தையின் வளர்ச்சி பற்றிய தகவலைப் பெற்றோரிடமிருந்து மறைக்கிறார். குழந்தையிடம் தாயின் இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

ஒரு பொய்யும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறையை ஒட்டினாள். பிரதாப்பிடம் காட்டவில்லை.

கிண்டர்கார்டனில் தீப்தியின் குழுவைப் பார்த்துக்கொண்டவன் றொனால்ட் என்கிற இளைஞன். நெட்டையான ஜெர்மன்காரன், குழந்தைகளுக்காக நாள் முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்திருப்பான். முதல் இரண்டு மூன்று வாரம் பெற்றோரில் ஒருவர் கூடவே இருந்து பழக்க வேண்டும் என்றான். நிருபமா ஆறு நாள் இருந்தாள். தீப்தி அழவில்லை. கொடுத்த பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். "பழகிவிட்டாள், பாருங்கள்" என்று ஏழாம் நாள் நிருபமா வேலைக்குப் போனாள். றொனால்ட், "இன்னும் சில நாள் இருக்கலாமே" என்றான். யோகத்தைப் பிரிந்து குழந்தை அழவில்லை என்பது அவளுக்கு உள்ளூர இனித்தது. அந்த இனிப்பில் அவன் சொன்னது காதில் ஏறவில்லை.

வீட்டில் இப்போது ஓம் இல்லை. ஏலாது இல்லை. யோகம்மா எங்கே என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "அங்க இனிமே போக வேண்டாம் கண்ணு" என்றதும் திரும்பக் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், விரலால் காட்டினாள். செப்டம்பர் முழுக்க நிருபமா அதை அமைதி என்றே எடுத்துக்கொண்டாள். குழந்தை தன்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அக்டோபரில் றொனால்ட் அவளிடம் பேச வேண்டும் என்று நேரம் கேட்டான். சிறிய நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்கால் நெஞ்சைத் தொட்டது.

"தீப்தி ஜெர்மன் பேசாதது பிரச்சினை இல்லை" என்றான். "அது வரும். ஆனால் அவள் எந்த மொழியிலும் எங்களிடம் பேசுவதில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்கிறாள். பெரும்பாலும் காலையில், நீங்கள் போன பிறகு. கூடத்தில் சத்தம் அதிகமாகும்போதும் சொல்கிறாள். முதலில் நாங்கள் அதைப் பிஜாமா என்று நினைத்தோம். தூக்கம் வருகிறது, இரவு உடை கேட்கிறாள் என்று. படுக்கை அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைப்போம். திரைச்சீலையையும் மூடிவிடுவோம். அவள் மறுபடி அதையே சொல்வாள். அதனால் எனக்குச் சந்தேகம் வந்து, காதில் விழுந்தபடி எழுதி வைத்தேன்."

ஒரு தாளை நீட்டினான். ஜெர்மன் எழுத்துகளில், கவனமாக எழுதியிருந்தான். நிருபமா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பயமாக் கிடக்கு.

"இது உங்கள் மொழியா?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றாள். "பயமாக இருக்கிறது என்று அர்த்தம்."

றொனால்ட் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். ஐந்து வாரம், என்று மெதுவாகச் சொன்னான். திரைச்சீலை மூடிய அறையைப் பற்றி இருவருமே அதற்கு மேல் பேசவில்லை.

"வீட்டில் சொல்வாளா?" என்று கேட்டான்.

சொல்வதில்லை. சொன்னால் அம்மா திருத்துவாள்.

அன்று மதியமே அவள் வீஸ்லோஹுக்குப் போனாள். யோகம் கதவைப் பாதி திறந்தாள். முகத்தில் வியப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"மதீசன் நித்திரை. உள்ளுக்கு வரச் சொல்ல ஏலாது."

"ஒரு அஞ்சு நிமிஷம் அக்கா."

"என்னத்துக்கு? எழுத வேண்டியதை எழுதிப்போட்டீங்கள்தானே." யோகம் கதவுக்குப் பின்னால் கை நீட்டி, காலணி அலமாரி மேல் இருந்த ஒரு கடிதத்தை எடுத்தாள். "என்ர அனுமதி இந்த மாதம் புதுப்பிக்கிற முறை. விசாரிச்சு முடியும்வரை புதுப் பிள்ளையள் எடுக்கக் கூடாதாம். பதினொரு வருசம் இந்த வேலை செய்யிறன், தங்கச்சி. ஒரு தாய் தேப்பன் ஒரு குறை சொன்னதில்லை."

"நான் பொய் எழுதல அக்கா." சொல்ல நினைத்து வந்தது இது இல்லை. "நீங்க மறைச்சீங்கதானே? மார்ச் பன்னெண்டு. நான் ஃபைல்ல பார்த்தேன். நான் வந்து சொன்னப்ப அழுதீங்களே, அது என்ன?"

யோகம் அவளையே பார்த்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்து, வெளியே படிக்கட்டில் வந்து நின்று, பின்னால் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஓம். மறைச்சனான்" என்றாள். "என்ர மகன் சாருஜன் சின்னனா இருக்கேக்க நாங்கள் மான்ஹைமில இருந்தனாங்கள். நான் வெள்ளன அஞ்சு மணிக்கு ஒஃபிசுகள் துப்பரவாக்கப் போவன், பிறகு ஒரு ஹொட்டலுக்குப் போவன். மேல் வீட்டில இருந்த ஜெர்மன்காரி ஒராள்தான் அவனைப் பாத்தவ. நல்ல மனிசி. ஒருநாள் நான் போய்க் கதவைத் தட்ட, 'இண்டைக்கு நடந்திட்டான்!' எண்டு துள்ளிக்கொண்டு சொன்னவ. நான் நன்றி சொல்லிப்போட்டுக் கீழ எங்கட வீட்டுக்கு வந்து, குளியலறைக்குள்ள இருந்து அழுதனான். பிறகு அவன் எனக்கு முன்னால நடந்தான்தான். ஆனா எனக்கு அது ரெண்டாம் தரம். எத்தினை தரம் நடந்தாலும் ரெண்டாம் தரம்தான்."

உள்ளே மதீசன் புரண்டு படுக்கிற சத்தம். யோகம் காது கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு முதல் தரமா இருக்கட்டும் எண்டுதான் சொல்லேல்லை. எழுதி வைக்காமல் விட்டிருக்கலாம். எனக்கெண்டு ஒரு இடத்தில அது இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். அது என்ர பிழை. நீங்கள் வந்து சொல்லேக்க வந்த அழுகை பொய்யில்லை. உங்களில எனக்குப் பொறாமை."

"உங்களுக்கா?"

"ஏன், உங்களுக்கு மட்டும்தான் வருமோ? ஒவ்வொரு பின்னேரமும் அஞ்சு மணிக்கு பெல் அடிக்கும். சட்டையைப் போட்டு, சப்பாத்தைக் கட்டி, வடிவாத் தலை இழுத்துக் குடுத்து விடுவன். நீங்கள் திரும்பிப் பாக்காமல் போவீங்கள். சாருஜன் இப்ப ஹம்புர்க்கில. போன் எடுத்தா ஜெர்மன்லதான் கதைப்பான். நான் தமிழ்ல கேப்பன், அவன் ஜெர்மன்ல சொல்லுவான். இந்தப் பிள்ளை என்னை மாதிரியே கதைக்குது எண்டு எனக்கு எவ்வளவு புழுகம் தெரியுமோ? அதையும் நீங்கள் பிடுங்கிப்போட்டீங்கள்."

நிருபமா படியில் உட்கார்ந்துவிட்டாள். றொனால்ட் தந்த தாளை எடுத்து நீட்டினாள். யோகம் கண்ணாடி இல்லாமல் அதைத் தள்ளிப்பிடித்து, எழுத்துக் கூட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். புரிந்ததும் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"ஆருக்கும் விளங்கேல்லையோ?"

"இல்லக்கா. பிஜாமான்னு நெனச்சிருக்காங்க."

யோகம் தாளை மடித்து நிருபமாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"திருப்பி உங்ககிட்டயே விட்டுடறேன் அக்கா. ப்ளீஸ். நான் ஆஃபீஸ்ல போய்ச் சொல்லிடறேன்."

"ஏலாது."

"அக்கா…"

"அனுமதி இருந்தாலும் ஏலாது. அவவைத் தூக்கித் தூக்கி வைக்கிறதுக்கு அவ என்ன பூச்சட்டியோ? அந்தப் பெடியன், வாத்தியார், நல்லவன் போலக் கிடக்கு. எழுதி வைச்சிருக்கிறான். நீங்கள் லீவு போட்டிட்டு அங்க போய் அவவோட இருங்கோ. இருக்க வேண்டிய நாளை இருந்து முடியுங்கோ. அவவின்ர வாயைத் திருத்தாதேங்கோ. அவ கதைக்கட்டும். எப்பிடியெண்டாலும் கதைக்கட்டும்." மதீசன் அழத் தொடங்கினான். யோகம் உள்ளே திரும்பினாள். "இப்ப போங்கோ. எனக்கு உங்களில இன்னும் கோவம்."

நிருபமா மூன்று வாரம் விடுப்பு எடுத்தாள். தினமும் காலை கிண்டர்கார்டனின் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தீப்தி முதல் நாள் அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள், கூடத்தில் யாரோ மேசையை இழுத்த சத்தத்தில், "பயமாக் கிடக்கு" என்று அவள் கழுத்துக்குள் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும்டா" என்றாள் நிருபமா. வேறொன்றும் சொல்லவில்லை.

றொனால்டுக்காகத் தீப்தியின் சொற்களை ஒரு பட்டியலாக எழுதினாள். எதிரே ஜெர்மன் அர்த்தம். முப்பத்தொரு சொல். இரண்டு சொல்லுக்கு அவளுக்கே நிச்சயமில்லை. புழுகம் என்றால் சந்தோஷமா, பெருமையா? அந்தரம் என்று எதைச் சொல்கிறாள்? யோகத்துக்குச் செய்தி அனுப்பினாள். ஒரு நாள் கழித்துக் குரல்பதிவில் பதில் வந்தது. "புழுகம் எண்டா நல்ல சந்தோசம். அந்தரம் எண்டா மனசு ஒரு இடத்தில நிக்காத மாதிரி. தவிப்பு." வணக்கமும் இல்லை, எப்படி இருக்கிறாள் என்ற கேள்வியும் இல்லை. தன் மகளின் சொல்லுக்கு இன்னொருத்தியிடம் அர்த்தம் கேட்டு எழுதும்போது அவளுக்குள் பழைய இடம் எரிந்தது. எரிய எரிய எழுதினாள்.

பிரதாப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நீயா?" என்று மட்டும் கேட்டான். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது.

நகராட்சி அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்க நவம்பர் ஆனது. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையுடன் ஒரு பெண் அதிகாரி. நிருபமா எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்காமல் நேராகச் சொன்னாள்: "நான் எழுதியதற்குக் காரணம் பொறாமை. அவர் என் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டார். என்னால் தாங்க முடியாத அளவு நன்றாக."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்களும் தவறா?"

"முதலாவது நடந்தது. ஆனால் அவர் அதை எனக்காகச் செய்தார். இரண்டாவதை அவர் செய்யவில்லை. குழந்தை செய்தது."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். முதல் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுக்க முடியாது, இதையும் சேர்த்து வைக்கத்தான் முடியும் என்றார். டிசம்பர் நடுவில் யோகத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. அதற்குள் அவளிடம் வருவதாக இருந்த ஒரு குடும்பம் வேறு இடம் தேடிக்கொண்டது. இதைத் தம்பித்துரை, கடையில் அரிசி மூட்டை எடுக்கும்போது தற்செயலாகப் பார்த்த நிருபமாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "பிள்ளை கதைக்கிறாவோ?" என்று கேட்டார்.

"பேசறா அண்ணா. கொஞ்சம் கொஞ்சமா."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை யோகம் போன் செய்தாள். "நாளைக்குப் பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு மணித்தியாலம்."

"விட்டுட்டுப் போகணுமா, நானும் இருக்கலாமாக்கா?"

"இருங்கோவன். ஆர் வேண்டாம் எண்டது."

யோகம் கதவைத் திறந்ததும் தீப்தி நிருபமாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஐந்து மாதம் ஆகியிருந்தது. யோகம் குனிந்து, "இஞ்ச வாங்கோ, செல்லம்" என்று கை நீட்டினாள். குழந்தை அம்மாவின் தொடையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. நிருபமாவுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. நிமிர்ந்து யோகத்தின் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் யோகம் தன் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிருபமா வெட்கத்தில் குனிந்து குழந்தையின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் கழற்றினாள்.

அதற்குள் தீப்தி வரவேற்பறையை எட்டிப் பார்த்துவிட்டாள். தம்பித்துரை மீன்தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே காலுறையோடு அவரிடம் ஓடினாள்.

"மீனுக்குக் குளிக்க வாக்கிறன்" என்றார் அவர்.

"மீன் தண்ணிக்குள்ளதானே இருக்கு!" ஜெர்மனில் ஒரு சொல்லும் தமிழில் மூன்று சொல்லுமாக அவள் அவரைக் கேலி செய்யத் தொடங்கினாள்.

கூடத்தில் இரண்டு பெண்களும் நின்றார்கள். ஒருத்தி கையில் குட்டிச் சப்பாத்து இருந்தது.

"தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்றாள் யோகம்.

"குடிக்கிறேன்க்கா."

சமையலறையில் உட்கார்ந்தார்கள். யோகம் சீனி எவ்வளவு என்று கேட்டாள். இத்தனை நாளில் நிருபமா அங்கே ஒருமுறைகூடத் தேநீர் குடித்ததில்லை. படிவத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தீப்தி ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டாள். தம்பித்துரைக்குப் பெயர்கள் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொன்னார். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவளே வைக்க ஆரம்பித்தாள்.

முதல் மீனுக்கு என்ன பெயர் வைக்கிறாள் என்று கேட்க இரண்டு பேரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"றொனால்ட்" என்றாள் தீப்தி.